லேபர் ஆபீஸ் பேச்சுவார்த்தைக்குப் போவதால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா?

மோல்டிங் மணி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்க.

கோவைப் பக்கம் ஒரு பெரிய பவுண்டரியில் பதினேழு வருடமாக மோல்டிங்கில் இருக்கிறேன். காற்றாலைக்கும் பெரிய பம்புகளுக்கும் போகிற வார்ப்புகள், சில பீஸ் ஒன்றே எட்டு டன் வரும். நிரந்தரத் தொழிலாளிகள் 340 பேர். அதுபோக ஃபெட்லிங்கிலும் (வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற வேலை) லோடிங்கிலும் கான்ட்ராக்ட் ஆட்கள், பெரும்பாலும் ஒடிசா பீகார்ப் பையன்கள், நானூறு பேருக்குக் குறையாது. எங்கள் சங்கத்தில் 214 பேர். இன்னொரு சங்கத்தில் எழுபது பேர், மீதி ஆட்கள் எதிலும் இல்லை.

பழைய சம்பள ஒப்பந்தம் 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு 12,000 ரூபாய் உயர்வு கேட்டு மனு கொடுத்தோம். நிர்வாகம் 4,800-ல் நிற்கிறது, அதுவும் ஷிஃப்டுக்கு ஐந்து ஹீட் (உலையில் ஒரு தடவை உலோகம் உருக்கி இறக்குவது) எடுப்பதை ஆறாக ஆக்கினால்தான் என்கிறார்கள். ஆறு தடவை உட்கார்ந்து பேசினோம், டீயும் பிஸ்கட்டும்தான் மிச்சம். ஜனவரியில் 2கே, அதாவது தொழில் தகராறு மனு, போட்டோம். லேபர் ஆபீசில் இருந்து கூப்பிட்டார்கள். முதல் வாய்தாவுக்கு நிர்வாகத்தில் யாரும் வரவில்லை, தேதி கேட்டு ஒரு கடிதம் மட்டும் வந்தது. இரண்டாவது வாய்தாவுக்கு, சேர்ந்து நாலு மாதமான ஒரு ஹெச்ஆர் பையனை அனுப்பினார்கள். எதைக் கேட்டாலும் "மேலே கேட்டுச் சொல்கிறேன் சார்". நாங்கள் ஐந்து பேர் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் மத்தியானம் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வந்தோம்.

இதற்கு நடுவில் அந்த எழுபது பேர் சங்கத்தோடு 5,200-க்கு 18(1), அதாவது லேபர் ஆபீசுக்கு வெளியே நேராகப் பேசிப் போடுகிற ஒப்பந்தம், போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். தனியாக வந்து கையெழுத்துப் போடுகிற யாருக்கும் அரியர்ஸ் உடனே கிடைக்குமாம். எங்கள் ஆட்களில் பதினோரு பேர் போட்டுவிட்டார்கள். அதில் ஒருத்தருக்குத் தையில் மகள் கல்யாணம். அவரைப் போய் என்ன கேட்பது சொல்லுங்க.

போன வாரம் எங்கள் செயற்குழு உறுப்பினர் ஒருத்தருக்கு சார்ஜ் மெமோ வந்திருக்கிறது. சாண்ட் பிளான்டில் செல்போன் பார்த்தாராம். அங்கே சூப்பர்வைசரும்தான் பார்க்கிறார்.

லேபர் ஆபீசில் எங்களைக் கூப்பிட்டுப் பேசுகிற இந்த சமரச அலுவலரால் நிர்வாகத்தைப் பார்த்து இவ்வளவு கொடு என்று சொல்ல முடியுமா முடியாதா? முடியாது என்றால் நாங்கள் ஏன் அங்கே போய் உட்கார வேண்டும்? அந்த 18(1) எங்களையும் கட்டுமா? ஆட்கள் எல்லோரும் ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக் என்கிறார்கள். புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி ஸ்ட்ரைக்கே பண்ண முடியாது என்று ஒருத்தர் வாட்ஸப்பில் போட்டுப் பயமுறுத்துகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

—

பழைய சுத்தியல் எழுதியது:

தோழர், நேராகச் சொல்லிவிடுகிறேன். அவரால் முடியாது. சமரச அலுவலர் நீதிபதி இல்லை. "கொடுத்தால் நன்றாயிருக்கும் சார்" என்று சொல்லலாம், அவ்வளவுதான். நான் ஃபோர்ஜிங் ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் ஹேமர் ஓட்டியவன், அதில் பன்னிரண்டு வருடம் சங்கத்தில் பொருளாளர். லேபர் ஆபீஸ் மாடிப்படி ஏறியே முழங்கால் போய்விட்டது எனக்கு.

அரசாங்கம் எப்போது எழுந்து உட்காரும் தெரியுமா? உற்பத்தி நிற்கும்போதுதான். 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங்கைப் பாருங்கள். அது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கம்பெனி, நம்மை மாதிரிக் கனரகம் கிடையாது. சரி, அதை விடுங்கள். செப்டம்பர் 9-ஆம் தேதி வெளியே உட்கார்ந்தார்கள், 37 நாள் போனது. பேச்சுவார்த்தைக்கு ஒரு அமைச்சர் வரவில்லை, மூன்று அமைச்சர்கள் வந்தார்கள்: தொழிலாளர் நலத்துறை, தொழில்துறை, சிறுகுறு தொழில்துறை. இதே ஆட்கள் உள்ளே வேலை பார்த்துக்கொண்டே மனு மேல் மனு கொடுத்திருந்தால் மூன்று அமைச்சர்கள் உட்கார்ந்திருப்பார்களா? 2018-ல் ஒரகடத்தில் யமஹாவும் என்ஃபீல்டும் அப்படித்தான், செப்டம்பரில் ஆரம்பித்தது முடிய நவம்பர் ஆகிவிட்டது.

அதனால் வாய்தாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போங்கள், ஆனால் சும்மா போகாதீர்கள். எங்கள் ஷாப்பில் ஒரு தடவை இதே கதைதான், மணிக்கு இத்தனை பீஸ் கூடுதலாக அடித்தால்தான் சம்பள உயர்வு என்று பிடிவாதம். அப்போது எங்கள் செயலாளர் ஒரு காரியம் செய்தார். பத்தாம் வகுப்புதான் படித்தவர், ஆனால் நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் உண்டு. எந்த ஹேமர் எத்தனை மணிக்கு நின்றது, ஏன் நின்றது, டை மாற்றவா, ஃபர்னஸில் பில்லெட் சூடேறவில்லையா, கிரேன் இல்லையா என்று மூன்று மாதம் தினமும் குறித்து வைத்திருந்தார். அதை மேசையில் வைத்தார். ஷிஃப்டில் ஒன்றரை மணி நேரம் கிரேனுக்காகவே நிற்கிறோம், அந்தக் கிரேனைச் சரிபண்ணிக் கொடுங்கள், நீங்கள் கேட்கிற பீஸ் தானாக வரும் என்றார். ஃபேக்டரி மேனேஜர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "இது எங்கள் ரெக்கார்ட் இல்லையே" என்றார். உடனே ஆபீசர், "அப்படியென்றால் உங்கள் ரெக்கார்டை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு வாருங்கள்" என்று எழுதிவிட்டார். அந்த ரெக்கார்ட் கடைசிவரை வரவே இல்லை. பீஸ் பேச்சும் அதோடு நின்றது.

நீங்களும் ஃபர்னஸ் லாக் புக்கைப் பாருங்கள். ஐந்தாவது ஹீட் எத்தனை மணிக்கு இறங்குகிறது, லேடில் (உருகிய உலோகத்தை ஏந்தி வரும் கலம்) எவ்வளவு நேரம் மோல்டுக்காகக் காத்திருக்கிறது, கரன்ட் எத்தனை தடவை போகிறது. ஆறு ஹீட் முடியாது என்று வாயால் சொன்னால் சோம்பேறித்தனம் என்பார்கள். காகிதத்தில் சொன்னால் வாயை மூடுவார்கள்.

ஸ்ட்ரைக்குக்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கேஷுவல் லீவு போட்டுப் பாருங்கள். அதிலேயே பாதி இறங்கி வருவார்கள்.

—

பழைய கோப்பு எழுதியது:

மேலே எழுதிய நண்பர் கடைசியில் சொன்ன யோசனையை மட்டும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஐம்பது சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் பேசி வைத்துக்கொண்டு கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்தால் சட்டவிரோத வேலைநிறுத்தம். ஆளுக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய 1947 சட்டத்தில் அபராதம் ஐம்பது ரூபாயாக இருந்தது.

நான் தொழிலாளர் துறையில் எழுத்தராகச் சேர்ந்து கடைசியில் இந்த சமரசக் கோப்புகளைக் கட்டிப் போடுகிற இருக்கையில் ஓய்வு பெற்றவன். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

அலுவலருக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை என்பது சரி. ஆனால் ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டுப் பார்க்கவும் அதிகாரம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்துவதில்லை, யாராவது எழுத்தில் கேட்டால்தானே பயன்படுத்துவார்கள். நீங்கள் ஒரு மனு கொடுங்கள்: முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் நேரில் வர வேண்டும், கடந்த மூன்று ஆண்டு உற்பத்திப் பதிவுகளையும் ஃபர்னஸ் பதிவுகளையும் கொண்டுவர வேண்டும் என்று. அதற்கு ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாய்தாவுக்கு வரவில்லை, இரண்டாவதற்கு அதிகாரமில்லாத ஆளை அனுப்பினார்கள் என்பது மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) இருக்கிறதா? பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். நாளை இது தீர்ப்பாயத்துக்குப் போனால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த இரண்டு வரிதான்.

18(1) விஷயம். அது கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும்தான் கட்டும். உங்கள் 214 பேரில் போடாதவர்களைக் கட்டாது. சமரச அலுவலர் முன்னிலையில் சமரச நடவடிக்கையின் போது போடுகிற 12(3) ஒப்பந்தம் வேறு வகை. அது சங்கத்தில் இருப்பவர், இல்லாதவர், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர் எல்லோரையும் கட்டும். (இந்த எண்கள் பழைய சட்டத்தின் எண்கள். புதியதில் எண் மாறிவிட்டது, வித்தியாசம் மாறவில்லை. ஆபீஸிலும் வாய்ப்பழக்கத்தில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது.) லேபர் ஆபீசுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டீர்கள் அல்லவா, இது ஒரு காரணம். வராந்தாவிலோ கீழே டீக்கடையிலோ பேசி முடித்தாலும் கையெழுத்தை உள்ளே வந்து போடுங்கள். சொல்லப்போனால் முக்கால்வாசிப் பேரம் டீக்கடையில்தான் முடியும். அலுவலர் ஒரு தரப்பை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இன்னொரு தரப்பிடம் தனியாக "உண்மையைச் சொல்லுங்கள், எதுவரை வருவீர்கள்" என்று கேட்பார். அந்த எண்ணை அவர் இன்னொரு தரப்பிடம் சொல்ல மாட்டார், ஆனால் இரண்டு எண்ணுக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆயிரம், ஆயிரத்தைநூறு ரூபாய்த் தூரம் என்றால் அன்றைக்குச் சாயங்காலம் வரை விடமாட்டார், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஏழாயிரம் தூரம் என்றால் அடுத்த தேதி கொடுத்து அனுப்பிவிடுவார். உங்களுக்கு இரண்டு முறையும் உடனே தேதி கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சார்ஜ் மெமோ. சமரச நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது, தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டுக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்ய வேண்டும் என்றால், முன்கூட்டியே அந்த அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். தொடர்பில்லாத குற்றச்சாட்டு என்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, ஒப்புதல் கேட்டு மனுப் போட வேண்டும். ஒப்புதல் வாங்காத நீக்கம் செல்லாது என்று ஜெய்ப்பூர் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது, பழைய 33-ஆவது பிரிவை வைத்து. மெமோ கொடுப்பதை இது தடுக்காது, விசாரணையையும் தடுக்காது. கடைசி உத்தரவைத்தான் தடுக்கும். அதனால் மெமோவுக்குப் பதில் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். அப்புறம், பாதுகாக்கப்பட்ட தொழிலாளர் பட்டியல் கொடுத்தீர்களா? மொத்தத் தொழிலாளரில் ஒரு சதவீதம், ஆனால் குறைந்தது ஐந்து பேர். உங்கள் ஆலைக்கு ஐந்து பேர் வருவார்கள். கொடுத்திருந்தால் அவர்களுக்கு எந்தக் குற்றச்சாட்டானாலும் முன் அனுமதி வேண்டும்.

இனி வேலைநிறுத்தம். செய்யவே முடியாது என்பது பொய், எளிது என்றால் அதுவும் பொய். பழைய சட்டத்தில் ரயில்வே, மின்சாரம் மாதிரிப் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் முன்னறிவிப்பு கட்டாயம். உங்களைப் போன்ற தனியார் பவுண்டரிக்கு, அரசு தனியாக அறிவித்தால் ஒழிய, அந்தக் கட்டாயம் இல்லை. சமரச அலுவலர் முன் பேச்சு நடக்கும்போது நிறுத்தினாலும் அந்தக் காரணத்தால் மட்டும் அது சட்டவிரோதம் ஆகாது. இப்போது எல்லாத் தொழிலுக்கும் பதினான்கு நாள் முன்னறிவிப்பு. சமரசம் நடக்கும் காலத்திலும் அது முடிந்து ஏழு நாளிலும் நிறுத்தக் கூடாது. நோட்டீஸ் கொடுத்து அறுபது நாளுக்குள் நிறுத்தாவிட்டால் அந்த நோட்டீஸ் காலாவதி, புதிதாகக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 1-ஆம் தேதி நோட்டீஸ் கொடுக்கிறீர்கள், 6-ஆம் தேதி முதல் கூட்டம் என்று வையுங்கள். நோட்டீஸ் கொடுத்த வழக்கில் அலுவலர் பதினான்கு நாளில் அறிக்கை அனுப்பியாக வேண்டும் (சாதாரண வழக்கில் நாற்பத்தைந்து நாள்). 20-ஆம் தேதி முறிவு அறிக்கை (பேச்சு முறிந்தது என்ற அறிக்கை), ஏழு நாள் கூட்டினால் 27. அதற்குப் பிறகு ஏப்ரல் கடைசி வரை ஒரு மாதம் உங்களுக்கு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலைச் சாத்த நிர்வாகத்திடம் ஒரு சாவி இருக்கிறது, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முன்பு முறிவு அறிக்கை கோட்டைக்குப் போய், அரசு ஆணை போட்டு, அதன் பிறகுதான் வழக்கு தீர்ப்பாயத்துக்கு வரும். ஒரு கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வர எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும், நகர்த்தியவர்களில் நானும் ஒருவன். இப்போது அது இல்லை, எந்தத் தரப்பும் தொண்ணூறு நாளுக்குள் நேராகத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். தொழிலாளிக்கு நல்லதுதான். ஆனால் எந்தத் தரப்பும் என்றால் நிர்வாகமும் சேர்த்தி. தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்வரை, முடிந்து அறுபது நாள் வரை, வேலைநிறுத்தம் கூடாது. முறிவு அறிக்கை வந்த மறுநாளே அவர்கள் மனுப் போட்டால் என்ன செய்வது என்று இப்போதே வக்கீலிடம் கேட்டு வையுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சீட்டை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 340-ல் 214. தமிழ்நாட்டில் சங்க அங்கீகாரத்துக்கு மகாராஷ்டிரத்தின் 1971 சட்டம் போல ஒன்று இருந்ததே இல்லை. யாரோடு பேசுவது என்பது நிர்வாகத்தின் இஷ்டமாகவே இருந்தது, பாதிச் சண்டைகள் அதனால் வந்தவை. புதிய தொகுப்பில் மஸ்டர் ரோலில் (ஆலையின் தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) இருப்பவர்களில் ஐம்பத்தொரு சதவீதம் உள்ள சங்கம்தான் ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். உங்களிடம் அறுபத்திரண்டு சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அந்தப் பதினோரு பேரைத் துரோகி என்று திட்டி வெளியே தள்ளி எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

—

நேர அலுவலகம் எழுதியது:

நான் எதிர்ப் பக்கம், ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் ஹெச்ஆர். திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டுங்கள்.

அந்த நாலு மாதப் பையனை ஏன் அனுப்பினார்கள் என்றால், அதிகாரம் உள்ளவர் வந்தால் ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லியாக வேண்டும், சொன்னால் அது மினிட்ஸில் ஏறிவிடும். எல்லா இடத்திலும் இதுதான். மணி அண்ணா, உங்கள் 12,000-ம் அப்படிப்பட்ட எண்தானே? மேனேஜ்மென்ட்டுக்கும் தெரியும். நீங்கள் 9,000 என்று உள்ளே நினைத்திருந்தால் அதை ஆபீசரிடம் தனியாகச் சொல்லுங்கள், எங்கள் ஆட்களிடம் சொல்லாதீர்கள். அந்த நாற்காலி இருப்பதே அதற்குத்தான்.

இன்னொன்று, பவுண்டரிக்காரர்களுக்கு மட்டும். ஃபர்னஸில் மெட்டல் இருக்கும்போது கை விட்டுவிட்டுப் போனால் அது உறைந்து லைனிங்கோடு காயிலும் போகும். அதற்குப் பிறகு பேச்சு சம்பளத்தைப் பற்றி இருக்காது, நாசவேலை என்று போலீஸ் கேஸ் பற்றித்தான் இருக்கும். நோட்டீஸ் கொடுக்கும்போதே "உலையைக் காலி செய்து கொடுக்கவும், தண்ணீர் சர்க்குலேஷனைப் பார்த்துக்கொள்ளவும் இன்னின்ன ஆட்களை அனுப்புகிறோம்" என்று பெயர் போட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அதைவிடச் சங்கடமான கடிதம் கிடையாது, கோர்ட்டில் உங்கள் பொறுப்பைக் காட்டுகிற முதல் தாள் அதுவாகத்தான் இருக்கும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நோட்டீஸ் இல்லாமல் வராமல் போனால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்று சம்பளச் சட்டத்தில் இருக்கிறது. கேஷுவல் லீவு யோசனை சொன்ன அண்ணாவுக்காகச் சொல்கிறேன்.

—

பழைய சுத்தியல் எழுதியது:

சரி, லீவு யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் வேலையில் இருந்த காலத்துப் பழக்கம். ஆனால் கோப்பு சாரிடம் ஒரு கேள்வி: இவ்வளவு காகிதமும் சரியாக வைத்திருந்து, பெரும்பான்மையும் இருந்து, நிர்வாகம் வரவே மாட்டேன் என்று உட்கார்ந்தால் அரசாங்கம் என்ன கிழிக்கும்? சாம்சங்கில் பெரும்பான்மை இல்லையா?

—

பழைய கோப்பு எழுதியது:

நியாயமான கேள்வி. சாம்சங்கையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் நடுவில் அமைச்சர்கள் பேசி முடித்தது வேலைநிறுத்தத்தை மட்டும்தான். ஆட்கள் உள்ளே போவது, பழிவாங்கக் கூடாது, கோரிக்கைக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும், இவ்வளவுதான். சங்கப் பதிவு நடந்தது 2025 ஜனவரி கடைசியில், அதுவும் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு. பிப்ரவரியில் சஸ்பென்ஷனால் மறுபடி பிரச்சினை வெடித்தது. சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது மே மாதம். முப்பத்தேழு நாள் வெயிலில் உட்கார்ந்ததற்கும் சம்பளம் ஏறியதற்கும் நடுவே ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் வேலை செய்தது வாய்தாவும் மினிட்ஸும் வழக்கும்தான். வெயிலில் உட்காராமல் அது நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது. அதில் உங்கள் கட்சிதான் நானும்.

தமிழ்நாட்டில் இன்னொரு ஆயுதம் இருந்தது. 1982-ல் கொண்டுவந்த மாநிலத் திருத்தம், 10பி. தகராறு தீரும்வரை இடைக்கால ஏற்பாடாக இன்னின்ன நிபந்தனைப்படி நடக்க வேண்டும் என்று அரசே உத்தரவு போடலாம். எப்போதாவதுதான் கையில் எடுப்பார்கள், ஆனால் எடுக்கலாம் என்ற பயம் இருந்தது. அது பழைய சட்டத்தோடு ஒட்டியிருந்த பிரிவு.

—

நிலக்கரித் தூசி எழுதியது:

இடையில் ஒரு விஷயம், இங்கே படிக்கிற மற்றவர்களுக்கு உதவும். மணி அண்ணனுடையது தனியார் என்பதால் மாநில லேபர் ஆபீஸ். பெல், என்எல்சி, சேலம் உருக்காலை மாதிரி மத்தியப் பொதுத்துறை என்றால் அங்கே போய்ப் பிரயோஜனம் இல்லை, மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையர்தான் கூப்பிடுவார், அங்கேயும் முடியாவிட்டால் டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர். நான் ஒரு மத்திய நிறுவனத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, பெயர் வேண்டாம். எங்கள் ஆட்கள் முதலில் மாவட்ட லேபர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார்கள், பிறகுதான் "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீசில் கூட்டம் போட்டுப் பேசியதும் உண்டு. அங்கே பேசுவது சட்டம் ஒழுங்குக்காக, தாசில்தாரும் டிஎஸ்பியும் உட்கார்ந்திருப்பார்கள், அதை 12(3) என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்துவிடாதீர்கள்.

மணி அண்ணா, உங்கள் நானூறு கான்ட்ராக்ட் பையன்களைப் பற்றி இத்தனை பேர் எழுதியும் ஒருத்தரும் ஒரு வரி கேட்கவில்லை. நீங்கள் ஸ்ட்ரைக் பண்ணினால் ஃபெட்லிங்கை அவர்களை வைத்துத்தான் ஓட்டுவார்கள். அவர்களுக்கு உங்கள் கோரிக்கை மனுவில் என்ன இருக்கிறது?

—

மோல்டிங் மணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. உடனே பதில் போட முடியவில்லை, நேற்றுத்தான் மூன்றாவது வாய்தா முடிந்தது.

கோப்பு சார் சொன்ன மாதிரி போன வாரமே மனுக் கொடுத்து முத்திரை வாங்கினோம். இந்தத் தடவை பிளான்ட் ஹெட் வந்தார், கூட ஒரு வக்கீல். மினிட்ஸில் முதல் இரண்டு வாய்தா விஷயத்தை நாங்கள் எழுதச் சொன்னதும் வக்கீல் ஆட்சேபித்தார். ஆபீசர் அம்மா ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அவர்களோடு பேசினார்கள். எங்களைக் கூப்பிட்டு, எதுவரை வருவீர்கள் என்று, கோப்பு சார் எழுதியிருந்த அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம், ஏனென்றால் நமக்குள்ளேயே அந்த எண்ணைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தலைவர் 9,500 என்றார், செயலாளர் அதே நேரத்தில் 8,500 என்றார். அம்மா சிரித்துவிட்டார்கள்.

ஆறு ஹீட் கதையை எடுத்தார்கள். லாக் புக் கொண்டு வாருங்கள் என்றோம். பிளான்ட் ஹெட் கொண்டு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். செல்போன் மெமோ விஷயமும் சொல்லி வைத்தோம், நிலுவையில் இருக்கும்போது அவசரப்படாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். பாதுகாக்கப்பட்டவர்கள் பட்டியல் இதுவரை கொடுக்கவில்லை என்பது வெட்கம், நாளைக்குத் தருகிறோம்.

நிலக்கரித் தூசி கேட்டதற்குப் பதில்: மனுவில் அவர்களுக்காக இருபத்து மூன்றாவது கோரிக்கையாக ஒரே வரி, "ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு உரிய சலுகைகள் வழங்க வேண்டும்" என்று. நேற்று ராத்திரி அதைத் திரும்பப் படித்தேன். எங்கள் லைனில் இருக்கிற ஒடிசா பையன் ஒருத்தனிடம் இன்றைக்கு சாப்பாட்டு நேரத்தில் சம்பளச் சீட்டைக் காட்டச் சொன்னேன். அவனுக்குச் சீட்டே கொடுப்பதில்லையாம்.

அடுத்த வாய்தா 14-ஆம் தேதி. அதற்குள் செயற்குழு கூடி அந்த ஒரு எண்ணை முடிவு பண்ண வேண்டும். போன மூன்று மாதத்துக்கு ஹீட் நேரம் குறித்த பாக்கெட் நோட்டு எங்கள் மெல்டிங் ஆள் ஒருத்தரிடம் இருக்கிறதாம், அதை ஜெராக்ஸ் எடுக்க இப்போது கிளம்புகிறேன்.